மூன்று வெடிப்பும் இரண்டு மீசையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கண்மாய்க் கரையில் ஏறினேன். முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெள்ளை ஷூக்கள். கரைச் சரிவில் துண்டு விரித்து அதன் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் கண்மாய்க்குள் மண்டியிட்டு, தரையில் இருந்த ஒரு வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, மோதிரத்தத் தொலைச்சுட்டீகளா?" என்று கேட்டேன்.

"மோதிரம் இருக்கு. எடத்தத்தான் காணோம்" என்றார்.

அவர் எங்கள் ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். நாற்பது வயது தாண்டியவர், தொப்பை உண்டு, தன்னைப் பற்றித் தானே மைக்கில் பேசுவதில் கூச்சம் கிடையாது. எங்கள் கிரிக்கெட் அணியின் பீல்டரும் அவர்தான். அணியில் மற்ற பத்துப் பேரும் பீல்டிங் செய்தார்கள் என்றாலும் அந்தப் பட்டம் அவருக்கு மட்டுமே இருந்தது.

காரணம் எங்கள் மைதானம். மாசி மாதம் தண்ணீர் வற்றியதும் கண்மாயின் கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். டென்னிஸ் பந்து உருண்டு போய் விழுகிற அளவுக்கு அகலமான வெடிப்புகள். பந்து போடுகிற இடத்தை மட்டும் மண் அடித்துத் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மற்ற வெடிப்புகளை அடைப்பதற்கு எத்தனை டிராக்டர் மண் வேண்டும் என்று கணக்குப் பார்த்த யாரோ, அடைக்கவே கூடாது என்று ஒரு விதி வைத்துவிட்டார்கள். பந்து வெடிப்புக்குள் விழுந்தால் மூன்று ரன். விழாமல் தடுத்தால் பெரும்பாலும் ஒன்று. ஆகவே எங்கள் பக்கம் ஒருவரைப் பெரிய பீல்டர் என்றால், அவர் வெடிப்புக்கு முந்திக்கொள்கிறவர் என்று அர்த்தம்.

சவுண்டு சர்வீஸ்காரர் ஓடமாட்டார், விழமாட்டார். எந்த வெடிப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பந்து எதை நோக்கிப் போகிறதோ, அதன் மேல் காலை வைத்து நின்றுவிடுவார். பந்து ஷூவில் முட்டி நிற்கும். எடுத்து எறிவார்.

ஆனால் சனிக்கிழமை பிற்பகலில் ஒரு மழை பெய்துவிட்டது. பெரிய மழை இல்லை. மேல்மண் கரைந்து வெடிப்புகளின் வாயை மெல்லிசாக மூடிவிடும் அளவுக்குத்தான். காலையில் பார்த்தால் கண்மாய் பூசி மெழுகியதுபோல் இருந்தது. அவர் மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் அந்தப் பூச்சுக்குக் கீழே போய்விட்டது.

அன்றைய ஆட்டம்தான் கடைசி. ஆறு ஊர்கள் ஒன்றோடொன்று ஆடும் லீக்கில் நாங்களும் மல்லாங்கிணறும் ஒரே புள்ளியில் முதலிடத்தில் நின்றோம். ஜெயிக்கிற ஊருக்குக் கோப்பை. எங்கள் மினி பஸ் டிரைவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அவருடைய மீசை.

அந்த மினி பஸ்ஸில் தினமும் அருப்புக்கோட்டை டவுனுக்குப் போய்வருகிறவன் நான். டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மேல் போட்ட மெத்தையில், மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர் தினமும் உட்கார்ந்து வருவார். டவுனில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். டிரைவருடைய மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே மாதிரி முறுக்கிவிட்ட மீசை. பங்குனி முழுக்க அவர்கள் பேசியது ஒரே விஷயம்தான்.

"மாப்ள, எங்க பய நேத்துப் பறந்து பிடிச்சத வீடியோல பாத்தீகளா?" என்று மச்சான் தொடங்குவார். மல்லாங்கிணற்று அணியில் ஒரு இளைஞன், எந்தப் பந்துக்கும் உடம்பை வீசிப் பாய்கிறவன். அவன் பாய்வதை மெதுவாக ஓடவிட்டு, பாட்டுப் போட்டு, ஊரெல்லாம் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தேன் மச்சான். பறக்கத்தான் வேணும்னா ரெண்டு காக்காயப் பிடிச்சு நிப்பாட்டுங்க. பீல்டரு எதுக்கு?"

"உங்காளு நிக்கிறாரு. கரண்டு கம்பமுந்தான் நிக்கிது. அதையும் டீம்ல சேத்துக்கிறது."

"கம்பத்த ஒருக்கா தொட்டுப் பாருங்க. அப்பத் தெரியும்."

"மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டுங்கய்யா" என்று பின்னாலிருந்து மில்லுக்குப் போகும் பெண்கள் சத்தம் போடுவார்கள். "உங்க சண்டையில நாங்க கம்பத்தத் தொட்டுறப் போறோம்."

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை, பேச்சு முற்றி, தோற்கிற ஊர்க்காரர் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று முடிந்தது. நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் இருவரும் என்னையே சாட்சியாக வைத்தார்கள். பத்திரிகைக்காரன் பொய் சொல்லமாட்டான் என்று அவர்கள் நம்பியது எனக்கே புதிய செய்தி.

சிக்கல் என்னவென்றால், ஆட்டம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை டிரைவருடைய மகளுக்குக் காதுகுத்து. மச்சான்தான் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். பிளக்ஸ் ஏற்கெனவே அடித்து வந்துவிட்டது. நடுவில் குழந்தை. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் தாய்மாமன். மீசையை முறுக்கியபடி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டத்தன்று டிரைவருடைய மனைவி குழந்தையோடு கரைக்கு வந்திருந்தார். புருஷன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். "யாரு மீசை போனாலும் எனக்குத்தான் அசிங்கம்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

கரிசல் ஈரம் காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பித்தார்கள். நாங்கள் முதலில் பேட் செய்தோம். ஈரத்தில் பந்து கனத்து எல்லைக்கோடு வரை போக மறுத்தது. ஒவ்வொரு ரன்னாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான்காவது ஓவரில் ஒரு பந்து இடைவெளியில் உருண்டது. மல்லாங்கிணற்று இளைஞன் பாய்ந்தான். அழகான பாய்ச்சல், மறுக்க முடியாது. கை பந்துக்குக் கிட்டத்தில் போயிருந்தது. அப்போது பந்து காணாமல் போனது. அவன் படுத்தபடியே தன் வயிற்றுக்கு அடியில் தேடினான். எழுந்தபோதுதான் தெரிந்தது, மழை போட்ட பூச்சு உடைந்து, தரையில் ஒரு முஷ்டி அளவுக்கு ஓட்டை. நடுவர் மூன்று விரலைக் காட்டினார்.

"காக்கா கூட்டுக்குள்ள முட்டைய விட்டுருச்சு மச்சான்!" என்று டிரைவர் கத்தினார்.

"தரை மோசம் பண்ணிருச்சு மாப்ள. அவன் என்ன செய்வான்?"

இரண்டு ஓவர் கழித்து, அதே இளைஞன், வேறொரு இடம், அதே கதை. மச்சான் மீசையைத் தடவுவதை நிறுத்தினார்.

மல்லாங்கிணறு பேட் செய்ய வந்தபோது எங்கள் ஆள் ஷூ மாட்டிக்கொண்டு இறங்கினார். லெக் சைடில் தன் இடத்துக்குப் போய்க் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார். பூச்சு உடைந்து வெடிப்பு வாயைத் திறந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. வெள்ளை ஷூ கறுப்பாகிவிட்டது. கரையில் எல்லோரும் எழுந்து நின்றோம். பந்து விழுவதற்கு அவரே குழியைத் திறந்துவிடுகிறார் என்று எங்கள் ஆட்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மல்லாங்கிணற்றுக் கேப்டன் நடுவரிடம் ஓடினார். நடுவர் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர், மூன்றாவது ஊர்க்காரர்.

"சார், கிரவுண்ட மாத்துறாரு!"

"வெடிப்ப அடைக்கக் கூடாதுன்னுதான விதி" என்றார் எங்கள் ஆள், மைக் இல்லாமலே கரை வரை கேட்கும் குரலில். "தெறக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

நடுவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு ஆடச் சொல்லிவிட்டார்.

"வழி காட்டி போர்டே வச்சுட்டாரு உங்காளு" என்று மச்சான் சிரித்தார். "எங்க பசங்க கண்ண மூடிட்டு அடிப்பாங்க. மாப்ள, சலூன்ல சொல்லி வைக்கட்டா?"

டிரைவர் ஒரு கையால் மீசையைப் பிடித்திருந்தார்.

மச்சான் சொன்னதுபோலவே அவர்கள் அந்த மூன்று வெடிப்புகளைப் பார்த்துத்தான் அடித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற மூன்று ரன்னை விட்டுவிட்டு, தெரியாத இடத்தில் யார் அடிப்பார்கள்? ஐந்தாவது ஓவர் வாக்கில்தான் எனக்கு உறைத்தது. அவர் திறந்துவைத்திருந்த மூன்றும் அவர் நின்ற இடத்திலிருந்து நாலைந்து எட்டுக்குள் இருந்தன. பந்து எங்கே வரும் என்று அவர் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. வருகிற இடத்தை அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். மற்றப் பக்கமெல்லாம் அவர்களுடைய நினைவிலிருந்தே போய்விட்டது. பந்து வரும், கறுத்த ஷூ குறுக்கே நிற்கும், ஒரு ரன். மறுபடி பந்து, மறுபடி ஷூ, ஒரு ரன்.

"நிக்கிறாரு மச்சான்" என்றார் டிரைவர், மெதுவாக. அவருக்கும் விளங்கிவிட்டது. அடுத்த பந்துக்குச் சத்தமாகச் சொன்னார். அதற்கடுத்த பந்துக்குக் கரையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். "நிக்கிறாரு! நிக்கிறாரு!"

கடைசிப் பந்தில் மல்லாங்கிணறு ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். சரியாக ஒரு வெடிப்பு. பேட் பிடித்தவர் அந்த இளைஞனேதான். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவதற்கு முன் எங்கள் ஆள் இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்து, இருப்பதிலேயே அகலமான வெடிப்பைவிட்டு விலகி நின்றார். டிரைவர் "ஐயோ" என்றார். குழந்தை அவரைத் திரும்பிப் பார்த்தது.

இளைஞன் அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டான். சுழற்றினான். பந்து தரையோடு தரையாக, நேராக அகலமான வெடிப்பை நோக்கி உருண்டது. எங்கள் ஆள் ஓடவில்லை. இரண்டு எட்டு நடந்தார். வலது காலைத் தூக்கி வெடிப்பின் மேல் குறுக்காக வைத்தார். பந்து ஷூவில் முட்டி, கொஞ்சம் எம்பி, நின்றது. அவர் குனிந்து எடுத்து, துடைத்துவிட்டு, விக்கெட் கீப்பருக்கு எறிந்தார்.

ஒரு ரன். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. கரையிலிருந்து கூட்டம் கண்மாய்க்குள் சரிந்தது. யார் செருப்பு யார் காலில் என்று தெரியவில்லை. எங்கள் ஆளைத் தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. தூக்கியவர்களிடம் மேலே இருந்தபடியே "ஷூ, ஷூ, பாத்து" என்றார். அவருடைய ஒலிபெருக்கிகளையே மினி பஸ் கூரையில் கட்டினார்கள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஊரை மூன்று சுற்று வந்தார். நான்காவது சுற்றில், அந்த ஆட்டத்தில் தான் என்னென்ன செய்தேன் என்பதை எங்கள் ஆள் மைக்கில் விளக்க ஆரம்பித்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பஸ் நின்றதும் டிரைவர் இறங்கி மச்சானிடம் போனார்.

"மச்சான், வெளையாட்டுக்குச் சொன்னது. காதுகுத்து முடியட்டும். பிளக்ஸு வேற அடிச்சாச்சு."

"சாட்சி நிக்கிறாரு மாப்ள" என்று மச்சான் என்னைக் காட்டினார். "உங்காளு நின்னாருல்ல? நானும் நிக்கணும்."

"அண்ணே, நீ வேற" என்றார் தங்கை. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பயல பறக்க வேணாம்னு சொல்லப்போறேன்" என்றார் மச்சான். "மொதல்ல நிக்கப் படிக்கட்டும்."

திங்கட்கிழமை காலை மல்லாங்கிணற்று நிறுத்தத்தில் பஸ்ஸில் ஏறியவரை யாருக்கும் உடனே அடையாளம் தெரியவில்லை. இன்ஜின் மெத்தையில் உட்கார்ந்த பிறகுதான் மில் பெண்கள் கூவினார்கள். டிரைவர் தன் மீசையை ஒரு முறை முறுக்கிவிட்டு கியரைப் போட்டார். டவுன் வரும் வரை இருவரும் அடுத்த வருடத்து லீக்கைப் பற்றிப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காது குத்தினார்கள். மண்டப வாசலில் கட்டியிருந்த பிளக்ஸில் இரண்டு மீசைகள் இருந்தன.