ஈரச் சுவரில் இரண்டு கை

இது நடந்த சம்பவம். பேய் என்றால் நடுநிசியும் புளியமரமும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், பெரம்பலூரை ஒட்டிய ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில்.

அறிவரசன் அங்கே முனைவர் பட்ட ஆய்வாளன். பெரிய பிரிண்டர் ஒன்று கான்கிரீட்டைப் பற்பசை மாதிரி வரிமேல் வரியாகப் பிதுக்கி வீடு கட்டும். ஈரச் சுவர் எந்த உயரம் வரை நிற்கும், எப்போது வளைந்து விழும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது அவன் பொறுப்பு. ஒவ்வொரு லோடு சிமெண்டும் எவ்வளவு வேகமாக இறுகுகிறது என்று சோதித்து, அந்த எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும். ஜெயங்கொண்டத்தில் மாதிரி வீடு கட்டிய அன்று சோம்பல்பட்டு, புது லோடுக்கும் பழைய எண்ணையே போட்டான். சுவர் விழுந்தது. உள்பக்கம் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் தர்மன் செத்துப்போனார்.

இடிபாட்டில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் பதிந்திருந்தன. ஈரச் சுவரில் சாய்ந்துவிட்டார், தப்பு அவருடையதுதான் என்று பேசிக்கொண்டார்கள். தர்மனின் மனைவி புவனேஸ்வரி கல்லூரிக்கே வந்துவிட்டார்.

“இத்தன வருசம் கொத்து வேல பாத்த மனுசன் ஈரச் செவுத்துல சாய்வாருங்களா சார்?”

அறிவரசன் தலையைக் குனிந்துகொண்டான். பழைய எண்ணைப் போட்டதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உள்ளே போய்விட்டான்.

திங்களன்று விசாரணைக் குழு கூடுகிறது. அதற்கு முந்தைய நாள், மிச்சமிருந்த அதே சிமெண்டில் அதே சுவரைத் தனியாக எழுப்பிப் பார்த்தான். யாரும் தொடாமல் நின்றுவிட்டால் அவன்மேல் பழியில்லை. சரியான எண்ணைப் போட்ட கணக்கோ, ஆள் உயரம் வருவதற்குள் விழும் என்றது.

மதியம் 12.40. சுவர் இடுப்பளவு வந்தது.

12.52. நெஞ்சளவு வந்தது. லேசாக வளைந்தது... அவன் பக்கமாக.

பிறகு நிமிர்ந்தது.

ஈரக் கான்கிரீட் தானாக நிமிராது. கிட்டே போய்ப் பார்த்தான். வரி வரியாக இருந்த சுவரில் ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல்.

மேலே வரி ஏற ஏற, பள்ளம் ஆழமானது.

பிரிண்டரை நிறுத்தினான். அப்போதுதான் கேட்டது...

மூச்சு. பாரம் சுமப்பவரின் மூச்சு.

பக்கத்திலேயே.

ஓடினான். வாசலைத் தாண்டினான்.

தொப்...

அவன் நின்றிருந்த இடத்தில்தான் சுவர் விழுந்து கிடந்தது.

மறுநாள் குழுவின் முன் எல்லாவற்றையும் சொன்னான். சோதிக்காதது தான்தான், தர்மன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஒப்புக்கொண்டான். வெளியே, ஜெயங்கொண்டத்தில் பிரிண்டருக்குக் கான்கிரீட் ஏற்றும் பம்ப்பை ஓட்டிய செல்லக்கண்ணு நின்றிருந்தார்.

“அவன் சாயலைங்க சார், தாங்குனான்,” என்றார். “நீங்க செவுத்தோரமா நின்னு ஃபோன் பேசிட்டிருந்தீங்க. வளையிறதப் பாத்துட்டு ஒங்களப் பாத்துக் கத்துனான். பம்ப்பு சத்தத்துல எனக்கே கேக்கல, வாய் அசைஞ்சதத்தான் பாத்தேன். ரெண்டு கையாலயும் முட்டுக்குடுத்து நின்னான். நீங்க பேசிக்கிட்டே வெளிய நடந்தீங்க. அப்பறந்தான் வுழுந்துச்சு.”

“ஏன் இத யார்ட்டயும் சொல்லல?”

“என்னைய யாரும் கேக்கலைங்க.”

அன்று யாரோடு பேசினோம் என்பது அறிவரசனுக்கு நன்றாக நினைவிருந்தது. எதிர்முனையில் அவனுடைய ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். புது லோடைச் சோதித்தாயா என்று கேட்டார்.

சோதித்துவிட்டேன் சார் என்று சொல்லிக்கொண்டேதான் அவன் வெளியே நடந்திருக்கிறான்.