பஞ்சின் மேல் போட்ட பழி

மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் நின்றுவிட்டேன். மூச்சு உள்ளே போக மறுத்தது. ஈரத்துணி வாளியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"என்னா, அங்கயே உக்காந்துட்ட? பஞ்சுதான். வாய மூடிக்கிட்டு ஏறு."

போடியில் பங்குனி பிறந்தால் இலவங்காய் வெடிக்கும். காயை உடைத்துப் பஞ்சு பிரிக்கிற இடங்களிலிருந்து தெருவெல்லாம் பறந்து வரும். யார் இருமினாலும் பஞ்சு, யார் தும்மினாலும் பஞ்சு. என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

நான் மலையில் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவள். அவர் போடிமெட்டுப் பாதையில் பஸ் ஓட்டியவர். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சந்தோஷங்கள் சின்னவை. காலையில் காப்பி, அதில் சர்க்கரை கூடியதா குறைந்ததா என்று ஒரு சண்டை. மாவடு வந்துவிட்டதா என்று பார்க்க மார்க்கெட்டுக்கு ஒரு நடை. பங்குனியில் முதல் மழை விழுந்ததும் பஸ் ஏறி மலைமேல் இருக்கிற போடிமெட்டுக்குப் போய், காப்பிச்செடி பூத்திருப்பதைப் பார்த்து, டீ குடித்துவிட்டு இறங்குவோம். ஜன்னலோர சீட் எனக்கு. வளைவுக்கு வளைவு டிரைவரைக் குறை சொல்லுகிற சோலி அவருக்கு. அந்த வருஷம் போகவில்லை. பஞ்சு அடங்கட்டும் என்றார்.

ஊரில் ஒரு டாக்டரிடம் போனோம். நோயாளி ஸ்டூலில் நான்தான் உட்கார்ந்தேன். டாக்டர் கேட்டது என்னவோ அவரிடம்.

"அம்மாவுக்கு என்ன செய்யுது?"

"பஞ்சு ஒத்துக்கல சார். இருமுறா."

"மாடி ஏறுனா மூச்சு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வயசாகுதுல்ல," என்று இவரே முடித்துவைத்தார். டாக்டர் தலையாட்டிவிட்டு அலர்ஜி மாத்திரை எழுதினார்.

இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவள், அந்த ஸ்டூலில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே! கோபத்தில் பாதி அவர் மேல் என்றால் மீதி என் மேல்தான்.

அடுத்த பங்குனியில் படுத்தாலே இருமல். ஒரு தலையணை போதாமல் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. உயரமாகச் சாய்ந்தால் மூச்சு வந்தது. "தலகாணி ஒசரமா இருந்தாத்தான் எனக்கு மூச்சு விட முடியுது" என்று அவரிடம் தெளிவாகச் சொன்னேன். அவருக்குத் தலையணை என்றதும் அதற்குள் இருக்கிற இலவம்பஞ்சுதான் ஞாபகம் வந்தது. திருடனைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் மாதிரி, வீட்டிலிருந்த தலையணை, மெத்தை அத்தனையையும் ஆட்டோவில் ஏற்றி, சிலமலையில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் கத்தினேன்.

"ஒன் நல்லதுக்குத்தான்டி," என்றார்.

அன்றிலிருந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். அவர் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவுடன் குறட்டை விட்டுவிடுவார்.

கால் வீங்கிய பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டாக்டர். அவரும் முதலில் இவரைத்தான் கேட்டார்.

"எத்தனை தலகாணி வச்சுப் படுக்குறாங்க?"

"தலகாணியே கெடையாது மேடம். எல்லாத்தையும் தூக்கியாச்சு," என்றார் இவர், பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப எப்படிம்மா தூங்குறீங்க?"

"உக்காந்துக்கிட்டு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா."

இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "என்ட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன்," என்றேன்.

எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவு) சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் விட்டுப்போன சேதம் என்றார் டாக்டர். அதனால் படுத்தால் நுரையீரலில் நீர் கோக்குமாம். உயரமான தலையணை கேட்டது அதற்காகத்தான். பஞ்சுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நெஞ்சைத் திறந்து உலோக வால்வு பொருத்தினார்கள். மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. கீரை கூடினால் அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாதாம்; அதனால் கீரையை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவர் கீரைக்காரம்மாவை வாசலோடு விரட்டிவிட்டார். அதற்கும் சண்டை போட்டேன். சண்டை போட மூச்சு இருந்தது, அது பெரிய சுகம்.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. படுத்தால் மூச்சு முட்டுகிறதா? அதை டாக்டரிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கூட வந்தவர் குறுக்கே விழுந்தால், "கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லுங்கள். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தப் பங்குனியில் மழை விழுந்ததும் போடிமெட்டுக்குப் போனோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சரிவில் காப்பிப்பூ வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. இந்த உலோக வால்வு மூடும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அமைதியான இடத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அறுபது வருஷம் சத்தமில்லாமல் ஓடிய உடம்பு இப்போது ஒவ்வொரு நொடியையும் வெளியே சொல்லிக்கொண்டே போகிறது. எனக்கு நேரம் என்பதே அந்தச் சத்தம்தான் என்றாகிவிட்டது.

இரண்டு வருஷமாக வராமல்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இந்தா, டிக்கு டிக்குனு வெரசா அடிக்குது. என்னா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. கோவம்."

"யாரு மேல?"

"ஒங்க மேலதான். வேற யாரு மேல?"

ஊருக்கு இறங்குகிற பஸ் வந்து நின்றது. நான் பையை எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லு," என்றார்.

பஸ் போய்விட்டது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை.