கரும்புச்சாறு குடித்த கப்பல் அதிகாரி

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைப் பழுது பார்த்துவந்த என் மாமா, ஒரு தசராவுக்கு இத்தாலியக் கடற்படை அதிகாரி ஒருவரை மைசூருக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வந்தார். பயிற்சி முடித்து முதன்முதலாகக் கப்பலேறியவர். மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. வெளியில் எதுவும் வாங்கித் தரக் கூடாது என்று மாமா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் அவரைத் தேவராஜ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், என் பள்ளித் தோழர்கள் பார்க்கும்படி நிறுத்தி, ஐஸ் போட்ட கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். அந்த வெள்ளைச் சீருடைக்குப் பக்கத்தில் நிற்கும் பெருமைக்காக இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் அவருக்கு வாந்தி, பேதி, அனலாய்க் கொதிக்கும் காய்ச்சல்.

“கப்பலை ரிப்பேர் பண்ணப் போனவன் கப்பல்காரனையே ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கான்” என்றாள் அம்மா.

மாமா சிரிக்கவில்லை. “நாளன்னைக்குக் கப்பல் கிளம்புதுக்கா. இவன் போய்ச் சேரலேன்னா, வேலை ஆரம்பத்துலயே முடிஞ்சிடும்.”

டாக்டர் வந்து பார்த்தார். துறைமுகத்துக் கொசுவால் வந்த மலேரியாவாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றார். வெளியில் ஏதாவது சாப்பிட்டாரா என்றும் கேட்டார். “இல்லை” என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான். கிழவனான பிறகும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ஆட்டோ வந்தது. கைத்தாங்கலாக ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே கரும்புச்சாற்றைச் சொல்லிவிட்டேன்.

மாமா கையை ஓங்கினார். டாக்டர் பிடித்துக்கொண்டார். “பர்வாகில்ல, விடுங்க சார். முன்னாடியே சொல்லியிருந்தா ஆட்டோ காசாவது மிச்சம்.” ஆட்டோவைத் திருப்பியனுப்பி, மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

அன்று மாலை அதிகாரி கண்மூடியபடியே “மம்மா, மம்மா” என்று முனகினார்.

மாமா துள்ளி எழுந்தார். “என்னைத்தான் கூப்பிடறான். முறையெல்லாம் கத்துக்கிட்டான், பாத்தியாக்கா?”

அம்மா மாமாவை விலக்கிவிட்டு, அதிகாரியின் நெற்றியில் கை வைத்தாள். “இங்கதாம்ப்பா இருக்கேன், தூங்கு.”

விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. மாமா அவரைக் கையோடு கொச்சிக்குக் கூட்டிப்போய், கப்பல் கிளம்புமுன் ஏற்றிவிட்டார். செய்தி வந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அம்மா மேல் மட்டும் சின்ன மனத்தாங்கல். அவர் கூப்பிட்டது மாமாவை. இவள் எதற்குக் குறுக்கே புகுந்து பதில் சொன்னாள்?