‘எ’யும் ‘தி’யும் படித்த சனிக்கிழமைகள்

குளிர் தொடங்கும் முதல் நாள் ஹீட்டரைப் போட்டால் ஒரு வாசம் வரும், கவனித்திருக்கிறீர்களா? கோடை முழுக்க அதன்மேல் படிந்த தூசி மெல்லக் கருகும் வாசம். நேற்று லண்டனில் எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் அது வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது தூசி வாசம். எனக்கு ஆங்கில இலக்கணத்தின் வாசம்.

சிரிக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன்பு நான் செவன் கிங்ஸில் அண்ணை வீட்டில் இருந்தேன். சூப்பர் மார்க்கெட் ஒன்றின் பேக்கரிப் பகுதியில் வேலை. விடிய எழும்பிப் போய்ப் பாண், அதாவது பிரெட், அடுக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் ஓய்வு. வால்தம்ஸ்டோவில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில், பெரியவர்களுக்கு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். முதல் பாதி ஆங்கில இலக்கணம், நடுவில் தேநீர், மறுபாதி கதை எழுதுவது. அண்ணையிடம் இலக்கணம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். கதை என்றிருந்தால், “கதை எழுதி என்ன வீடே வாங்கப்போறாய்?” என்று கேட்டிருப்பார்.

அந்த மண்டபத்து ஹீட்டர்கள் பழையவை. வந்தவர்கள் எல்லோரும் ஈரக் கையுறைகளை அவற்றின்மேல் காயப்போடுவார்கள். கம்பளியும் தூசியும் தேநீரும் கலந்த அந்த வெக்கையில், ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து, வெளியே போகிற பஸ்கள் சிவப்பு மேகம்போல நகரும். பாதிக் கனவில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

எங்களுக்குக் கற்பித்தவள் ஹெலன். என்னைவிட இளையவள். இரண்டு காலிலும் இரண்டு நிறக் காலுறை போடுவாள். என் முதல் கதையை அவளிடம் கொடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. பனி கொட்டுகிறது, எமிலி என்ற பெண் கணப்பு அடுப்பருகே உட்கார்ந்து காதலனை எண்ணி ஏங்குகிறாள். ஹெலன் வாசித்துவிட்டு, நீ எப்போதாவது கணப்பு அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்று காலைத் தேநீரை எங்கே குடித்தாய்? அண்ணை வீட்டுக் குசினியில், நின்றபடி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், நாக்கைச் சுட்டுக்கொண்டு. “அந்தப் பெண்ணைப் பற்றி எழுது” என்றாள். எமிலி அன்றோடு போனாள், பாவம்.

இலக்கணத்தில் என் நிலைமை அதைவிட மோசம். தமிழில் இல்லாத இரண்டு குட்டிச் சொற்கள், ‘எ’, ‘தி’. எது எங்கே வரும் என்று விளங்காமல் கறிக்கு உப்புப் போடுவதுபோலக் குத்துமதிப்பாகத் தூவிவிடுவேன். பக்கத்துக் கதிரையில் இருந்த ராகவன்தான் ஒருநாள் மெல்லச் சொன்னார். அவர் தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி அவரை இங்கே ஒரு புரொஜெக்ட்டுக்கு அனுப்பியிருந்தது.

“ரொம்ப சிம்பிள்ங்க. கதையில முதல் தடவை வர்ற ஆளுன்னா ‘எ’. ஏற்கெனவே நமக்குத் தெரிஞ்ச ஆளுன்னா ‘தி’.”

“அவ்வளவுதானோ?”

“ஆமா, அவ்வளவுதான்.”

அதற்குமுன் நாங்கள் பேசிக்கொண்டதே ஒரு கூத்து. வந்த புதிதில் நான் அவரிடம், “உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?” என்று கேட்டிருந்தேன். மனிதர் பதறிப்போய், தன் கதை இன்னும் முடியவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்றார். கதைப்பது என்றால் எங்கள் பக்கம் பேசுவது என்று விளக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப உங்க ஊர்ல பேசுறதே கதைதானா!” அந்த வியப்பு அவருக்கு வெகுநாள் தீரவில்லை.

அவர் எழுதிய ஆங்கிலத்தில் ஒரு பிழை பிடிக்க முடியாது. கதைதான் அசையாது. துப்பறிவாளர் வருவார், தடயம் பார்ப்பார், போவார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்: “உங்கட கதையில ஆக்களுக்குப் பசிக்கவே பசிக்காதோ?” அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் துப்பறிவாளர் பக்கத்துக்குப் பக்கம் சாப்பிட்டார். பிணத்துக்குப் பக்கத்தில் நின்று இட்லி சாப்பிட்டார். ஹெலன் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்தத் தொடங்கினோம். அவர் என் வசனங்களை நிமிர்த்துவார். நான் அவருடைய ஆட்களுக்குத் தடிமன் வரவைத்துத் தும்மவைப்பேன், புதுச் சப்பாத்துக் காலைக் கடிக்கவைப்பேன்.

சனிக்கிழமைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பது இலக்கணத்துக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பியதுதான் அதிசயம்.

வசந்தம் வந்தது, இரண்டு செய்திகளோடு. ராகவனுடைய புரொஜெக்ட் முடிகிறது, அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டும். அதே வாரம் அண்ணை சொன்னார்: “கனடாவில ஒரு நல்ல இடம் வந்திருக்கு. நீ ஒண்டும் சொல்லாட்டி நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன்.” நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? பக்கத்துக் கதிரைக்காரர் என் ‘எ’யையும் ‘தி’யையும் திருத்துகிறார் என்றா?

கடைசி வகுப்பில் எல்லோரும் தங்கள் கதையை எழுந்து வாசிக்க வேண்டும். அன்று நல்ல மழை. நான் பிந்தித்தான் போனேன். உள்ளே நுழைந்தபோது ராகவன் வாசிக்க எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமினார்.

‘தி வுமன்’ என்று தொடங்கினார். அந்தப் பெண் மழையிலிருந்து உள்ளே வந்தாள், அவள் கைகளில் எப்போதும் பாண் வாசம் இருந்தது என்று முதல் வசனம்.

ஹெலன் இடைமறித்தாள். முதல் வசனத்திலேயே ‘தி’யா? இவளை எங்களுக்கு இன்னும் தெரியாதே, ‘எ’ அல்லவா வரவேண்டும்? பிழையே விடாத ராகவன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “எனக்குத் தெரியும்” என்றார் ஆங்கிலத்தில். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. ஹெலன் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சரி, அப்படியானால் ‘தி’ சரிதான் என்றாள். என் கையிலிருந்த குடை தரையெல்லாம் நீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கதிரையில் உட்காரத் தோன்றவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“கோவமா?”

“இல்லை. நீங்கள் திரும்பி வருவியளோ?”

“வருவேன்.”

“அப்ப நான் அண்ணையோட கதைக்கிறன்” என்றேன். இந்த முறை அவர் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் அண்ணையிடம், கனடா வேண்டாம், வகுப்பில் ராகவன் என்று ஒருவர், சென்னைக்குப் போய்த் திரும்பி வருவார் என்றேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“இந்தியாக்காரனோ?”

“ஓம்.”

அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, “எங்கட சொதியைச் சாப்பிடுவானோ?” என்றார். அதுதான் சம்மதம் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது. ராகவன் வேறு கம்பெனியில் வேலை எடுத்துத் திரும்பிவரும்வரை ஈமெயிலில் ஒருவர் ஆங்கிலத்தை ஒருவர் திருத்திக்கொண்டு காலத்தைத் தள்ளினோம். தேங்காய்ப்பால் விட்ட அந்தச் சொதியையும் சாப்பிடுகிறார், இன்றுவரை. ஆனால் கதை எழுதுவதை நிறுத்திவிட்டார். கேட்டால், “அதான் ஒண்ணு எழுதினேனே, போதும்” என்பார். எழுதுகிறவள் நான்தான்.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். வகுப்பும் எப்போதோ நின்றுவிட்டது. ஹெலன் வடக்கே எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. இடம் போனதில்கூட எனக்கு அத்தனை வருத்தமில்லை, லண்டனில் எதுதான் நின்ற இடத்தில் நிற்கிறது?

அங்கே ஒரு சட்டம் இருந்தது, வருத்தம் அது போனதில்தான். பேசும்போது ஒருவருக்குச் சொல் வராமல் நின்றுவிட்டால் மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பெண், பேய்க் கதை மட்டுமே எழுதுவாள், ஒரு காலையில் நிழல் என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் நின்றாள். கையை மேசைக்கு மேலே விரித்தாள். கீழே விழுந்த கறுப்பை மற்றக் கையால் தடவிக் காட்டினாள். எங்களில் பலருக்குச் சொல் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே சந்தைக்காரர்கள் வாழைப்பழ விலையைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடினாள், திறந்தாள், கடைசியில் சொல் வந்தது. அறை முழுக்க மூச்சு விட்டது.

இப்போது நாம் தடுமாறுவதற்குள் கைபேசி சொல்லைக் கொண்டுவந்து நீட்டிவிடுகிறது. வசதிதான், நானும் நாளெல்லாம் அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால் ஒரு மனுஷிக்கு ஒரு சொல் வரட்டும் என்று ஓர் அறை முழுக்கப் பேசாமல் இருந்ததை, அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.