தட்டை போட்டோ எடுத்து அனுப்பவும்

எங்கள் கேரள எல்லைப் பக்கத்தில் ஆளைப் பார்த்தால் நலம் விசாரிப்பது கிடையாது, எடைதான் விசாரிப்போம். அதற்கு இரண்டே வசனங்கள், பருத்தவருக்கு ஒன்று, மெலிந்தவருக்கு ஒன்று: "தடிச்சாச்சே!" அல்லது "க்ஷீணிச்சுப் போயாச்சே!" இரண்டுக்கும் நடுவில் ஓர் உடம்பு பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை இதுவரை யாருக்கும் வாய்க்கவில்லை. நான் நடனம் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எனக்கு முதல் வசனம் மட்டுமே கிடைக்கும். அதுவும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

பத்து வருஷம் முன்பு ஒரு திருவிழாவில் ஒன்றேகால் மணி நேரம் ஆடிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். ஓர் அம்மா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆஹா, பாராட்டப் போகிறார் என்று வாயெல்லாம் பல்லாக நின்றேன். "நல்லாட்டு இருந்து மோளே. ஆனா மேடை கொஞ்சம் ஆடிச்சுது ஆக்கும்," என்றார். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

மறுநாள் மத்தியானம் வீட்டில் வயிறு நிறையச் சோறு தின்றேன். பிறகு பனச்சமூட்டில் பஸ் ஏறி, தமிழ்நாட்டுக்குள் மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி, ஒரு சாயாக்கடையில் மூன்று புரோட்டாவும் பீஃபும் தின்றேன். மேலே இரண்டு ஏத்தங்காய் அப்பம். பசியா? பசி எங்கே இருந்தது! உள்ளே இருந்தது முழுக்கக் கோபம். இந்தப் பக்கம் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் "டான்ஸ் டீச்சர் தின்னுதாங்க" என்று நான் கை கழுவுவதற்குள் கொல்லயில் ஊர் வரை சேதி போய்விடும். அந்தக் கடையில் என்னை யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து யாராவது எதையாவது சொன்னால் எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வரும். கேரளத்தில் விரதம், தமிழ்நாட்டில் புரோட்டா என்று வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் நான் ஏழு பிள்ளைகளுக்கு டயட் சொல்லிக்கொடுத்தேன்.

பள்ளிக்கூடக் கலோல்சவம் என்கிற கலைவிழாவுக்குக் குழு நடனம். உடை வாடகைக்கு எடுப்பது வழக்கம். ஏழு உடையும் ஒரே அளவில்தான் வரும். பிள்ளைகள் ஏழு அளவு. மானமுள்ள மனுஷி என்றால் தையல்காரரைக் கூப்பிட்டிருப்பாள். நான் எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வகுப்பு வாசலில் வைத்தேன். சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் அதில் ஏறி இறங்கினால்தான் உள்ளே வரலாம். அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். பிள்ளை ராத்திரிக்குச் சாப்பிடும் தட்டை எட்டு மணிக்கு முன்னால் போட்டோ எடுத்து அனுப்பவும் என்று உத்தரவு போட்டேன். கலெக்டர்கூட அவ்வளவு கறாராக எழுத மாட்டார்.

முன்மாதிரியாக இருக்க வேண்டுமல்லவா? அதனால் தினமும் முதல் போட்டோ என்னுடையது. அரைக் கிண்ணம் கஞ்சி, ஒரு கரண்டி பயறு. போட்டோ எடுத்து முடித்ததும் அந்தக் கஞ்சி என் வீட்டுக்காரருக்குப் போகும். நான் மத்தியானக் குழம்பைச் சூடாக்கிச் சோறு தின்பேன். அந்த வருஷம் எங்கள் வீட்டில் மெலிந்தவர் அவர்தான். "க்ஷீணிச்சுப் போயாச்சே!" என்று எல்லாரும் கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மாக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருத்தி நான்கு நாள் ஒரே வெள்ளரிக்காயை அனுப்பினாள். நான்காம் நாள் அது வாடியிருந்தது. இன்னொருத்தியின் போட்டோவில் முன்னால் இரண்டு சப்பாத்தி, ஓரத்தில் ஆவி பறக்க மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். "அது யாருக்கு?" என்று கேட்டேன். "பிள்ளைக்க அப்பாவுக்கு டீச்சரே," என்றாள். அந்த மாதங்களில் ஆறு வீடுகளில் ஆறு அப்பாக்கள் மலை மலையாகத் தின்றிருக்க வேண்டும். பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நானே பொய்க் கஞ்சி காய்ச்சுகிறவள், எந்த முகத்தோடு கேட்பேன்? போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது பிள்ளையின் போட்டோ மட்டும் உண்மை. பதினாறு வயது. என்னிடம் படித்தவர்களிலேயே நன்றாக ஆடுகிறவள் அவள்தான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முதல் வாரம் இரண்டு சப்பாத்தி. அப்புறம் ஒன்று. அப்புறம் அரை. அப்புறம் நான்கு வெள்ளரித் துண்டு. நான் என்ன செய்தேன்? கைதட்டுகிற பொம்மை மூன்று போட்டு, "எல்லாரும் இவளப் பாத்துப் படியுங்க" என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் என் கையை வெட்டிப் போடலாம் போல் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் அரைமண்டியில் முழங்காலை மடக்கி நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தட்டுக்கழியால் பலகையில் இரண்டு தட்டு தட்டி, "எழும்பு மக்கா, தாளம் போகுது பாரு," என்றேன்.

"எழும்ப முடியல்ல டீச்சர்," என்றாள். அழவில்லை, பயப்படவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போல் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தாள். நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருந்தாள். பிள்ளையை டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னாள். ரத்தம் ரொம்பக் குறைவு. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைக்க வேண்டும், வாரா வாரம் கூட்டிவர வேண்டும், மனசு விட்டுப் பேசவும் ஓர் ஆளைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை ஒரு வாய் சோறு தொட மாட்டேன் என்கிறாள்.

"டாக்டர் சொன்னாலும் கேக்கல்ல, நான் அழுதாலும் கேக்கல்ல டீச்சரே. டீச்சர் கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணரை மணிக்கூர் ஆடுதாங்கல்லா, எனக்கு என்னத்துக்குச் சோறுன்னு கேக்கா. எனக்குப் பயமாட்டு இருக்கு. நிங்க ஒரு வார்த்த சொல்லணும்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு வழி தெரியும், அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்றே பிள்ளைக்கு போன் செய்தேன். "இனி டயட் ஒண்ணும் வேண்டாம் மோளே. நல்லாட்டு சாப்பிடு," என்றேன்.

"என்னச் சோதிச்சுப் பாக்கீங்களா டீச்சர்?" என்றாள். எட்டு மணிக்கு அவளே அனுப்பிய போட்டோ வந்தது. மூன்று வெள்ளரித் துண்டு.

பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. சனிக்கிழமை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பனச்சமூட்டில் பஸ் ஏறினேன். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. டீச்சர் கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளும் வருகிற பிள்ளை. பஸ்ஸில் அவள் தோள் என் தோளில் இடித்தது, வெறும் எலும்பு.

கடைக்குள் நுழைந்ததும் கல்லில் புரோட்டா திருப்பிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க சேச்சி! இன்னைக்கு யாருக்க மேல கோவம்? மூணு போடவா, நாலா?"

பத்து வருஷமாக என்னைத் தெரியாத கடை என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாத சங்கதியை அந்த மனுஷன் எண்ணி வைத்திருந்தார்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு தோசையும் சாயாவும் சொன்னேன். எனக்கு வழக்கமானது வந்தது.

அவள் தோசையைத் தொடவில்லை. என் தட்டையே பார்த்தாள்.

"டீச்சர் இதெல்லாம் தின்னுவீங்களா?"

"தின்னுவேன்."

"எத்தன வருஷமாட்டு?"

"பத்து."

"அப்போ அந்தக் கஞ்சி போட்டோ?"

"பொய் மோளே. கஞ்சி குடிச்சது எனக்க வீட்டுக்காரர்." சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். மேடை ஆடியது என்று சொன்ன அம்மாவைப் பற்றியும், பசிக்காமலே இங்கே வந்து தின்று தீர்த்த நாட்களைப் பற்றியும், தின்ற பிறகு பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு போனதைப் பற்றியும் சொன்னேன். நான் யாரிடமும் சொல்லாதது இது.

அவளுக்கு என் கதை வேண்டியிருக்கவில்லை. "மத்தப் பிள்ளைகளுக்க போட்டோ?" என்று கேட்டாள்.

"அதுவும் பொய். எல்லாரும் மரச்சீனியும் மீனும்தான் தின்னாங்க. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

அவள் குரலை உயர்த்தினாள். "அப்போ நான் ஒருத்திதான் பட்டினி கெடந்தேனா? எனக்கு எல்லா நாளும் பசிச்சுது டீச்சர். எல்லா நாளும்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். எவ்வளவு சொன்னாலும் போதாது என்பதும் தெரிந்தது. அவள் முகம் சிவந்து, கண்ணீர் வழிய என்னையே முறைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்ததே அதுதான் முதல் தடவை. பிறகு கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு புரோட்டாவை இழுத்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். ரொம்ப நேரம் மென்றாள். முறைப்பை மட்டும் விடவில்லை. என் மேல் உள்ள கோபத்தில்தான் தின்கிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தின்னட்டும் என்று தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.