ஆணியில் தொங்கிய விலா

ஈரத் தேங்காய்மட்டை கனலும்போது எழுகிற புகைக்கு ஒரு புளித்த வாசம் உண்டு. அம்மாவின் சேலைத் தலைப்பில் அது ஏறிவிட்டால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. ஜப்பான்காரன் ஆட்சியில், மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்கள் முகமெல்லாம் ஊதிப்போயிருந்த காலத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டில் பன்றி விலாவைப் புகை போட்ட நாள்களை அந்த வாசத்தை வைத்துத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் வயிற்றுக்கு மட்டும் இருபது இருக்கும்.

அடுத்த வீட்டுச் சீனத்து அம்மாளை நாங்கள் "ஆசிம்" என்று கூப்பிடுவோம். அவருடைய தம்பியின் பன்றிகளுக்கு அப்பா கொட்டகை போட்டுக் கொடுத்ததற்காக, சதையெல்லாம் எங்கெங்கோ போன பிறகு மிஞ்சிய ஒரு பக்க விலா எங்களுக்கு வந்தது. கூடவே, அதை எப்படிப் புகை போடுவது என்ற சண்டையும் வந்தது. கடைசியில் ஆசிம், அம்மா, அப்பா மூவரும் ஆளுக்கு நான்கு எலும்பாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"அக்கா, குவாலி போதும் லா, அரை மணி நேரம், சாப்பிடலாம்" என்று சொன்ன ஆசிம், தம் பங்கை அவித்து, அந்த இரும்புச் சட்டிக்குள் பழைய தேயிலைச் சக்கையையும் ஒரு துண்டு வெல்லத்தையும் போட்டு, மேலே மூங்கில் குச்சிகளில் விலாவை அடுக்கி, மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டினார். அன்று மாலையே எல்லோரும் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தோம். அம்மா உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டி, தேங்காய்மட்டைப் புகை காட்டினார். அது ஒரு வாரம் கழித்து மரவள்ளிக் குழம்போடு போயிற்று.

அப்பாவின் வழி தனி. யுத்தத்துக்கு முன் அவர் செம்பவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர். "நெருப்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, புகைதான் தெரியணும்" என்பது அவருடைய வேதம். தகரப் பீப்பாய் ஒன்றில் ஓட்டை போட்டு, ரப்பர் விறகைக் கனலவிட்டு, உப்புத் தடவிய விலாக்களைக் கம்பில் தொங்கவிட்டு, தினமும் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ரப்பர்த் தகட்டில் வெள்ளைத் திட்டு மறைந்தால்தான் பதம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. விலாவிலோ எலும்பின் வெள்ளை எப்படி மறையும்? "இன்னும் வேகல" என்று மறுபடி உள்ளே தள்ளுவார்.

"இது என்ன ரப்பரா, வெளிச்சத்துல பாக்குறதுக்கு? கடிச்சா பல்லுதான் போகும்" என்று அம்மா சிரித்தார். பத்தாம் நாள் அந்த நான்கும் விறகுக்கட்டையாக வெளியே வந்தன. அவற்றை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த வாரமே, சயாமில் ரயில் பாதை போட அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா மூன்று விலாவைப் பாக்குமட்டையில் கட்டி அவரிடம் கொடுத்தார். நான்காவதை அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி, "உங்கப்பா வந்து சாப்பிடட்டும், யாரும் தொடாதீங்க" என்றார். அந்த விலா அங்கே தொங்கும்வரை அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்துவிடும் அல்லவா? அம்மா கிழங்குக்கு வரிசையில் நிற்கப் போகிற நேரம் பார்த்து, முக்காலியில் ஏறி, விலாவை எடுத்து ஒரு நக்கு நக்கிவிட்டு மறுபடி மாட்டிவிடுவேன். உப்புக்குப் பஞ்சமான காலம். அந்தக் கரிப்பு நாக்கில் பட்டால் உடம்பே சிலிர்க்கும். பிறகு நாளெல்லாம், அப்பாவின் உயிரையே கொஞ்சம் கொஞ்சமாக நக்கித் தீர்ப்பதுபோல் பயந்து சாவேன். மறுநாள் மறுபடி ஏறுவேன்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து அப்பா வந்தார். வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா ஆணியிலிருந்து விலாவை எடுத்து, உடைத்து, நீண்ட நேரம் கொதிக்கவிட்டார். வெறும் தண்ணீராக இருக்கப்போகிறது, நான் பிடிபடப்போகிறேன் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அழுதுவிட்டேன்.

எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் இதை ஒப்புக்கொண்டேன். அவர் கீரை ஆய்ந்தபடியே, "தெரியும்டி. முக்காலியில உன் கால் தடம் இருக்கும். உப்பு போனா கெட்டுடுமேன்னு வாரா வாரம் என் பங்கு உப்பைத் தடவி வச்சேன்" என்றார். அந்த நாள்களில் அம்மா உப்பில்லாக் கஞ்சி குடித்ததும், கேட்டால் "எனக்கு உப்பு ஆகாது" என்று சொன்னதும் அப்போதுதான் உறைத்தது.

இன்று பூன் லேயில் எட்டாவது மாடியில் இருக்கிறேன். சந்தும் பீப்பாயும் இல்லை, ஆசிம் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. தேங்காய்மட்டையைக் கொளுத்தினால் பக்கத்து வீட்டார் ஓடிவருவார்கள். புகை போட்ட விலா பேரங்காடியில் உறை போட்டுக் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காக வாங்கி வந்து, அவர்கள் பார்க்காத நேரத்தில் ஓரத்தை நக்கிப் பார்க்கிறேன். கரிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த உப்புக்காக யாரும் உப்பில்லாக் கஞ்சி குடிக்கவில்லை.