மாப்பிள்ளை போட்ட விலை

சந்தையில் அவருக்குச் சல்லடை என்று பேர். யார் எதைச் சொன்னாலும் ஒரு முறை சலித்துப் பார்த்துவிட்டுத்தான் காதுக்குள் விடுவார் என்பதால் வந்த பேர். சலிக்கும்போது மாவெல்லாம் கீழே போய்விடும், தவிடுதான் கையில் நிற்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "இவன் எதுக்கு இதை வலிய வந்து சொல்றான்?" என்று அதையும் சலித்திருப்பார்.

அவருடைய பிழைப்பு காளைக் கன்றுகள். பால்குடி மறந்த கன்றுகளைப் புல்லில் விட்டு வளர்த்து, இருநூறு கிலோவைத் தாண்டியதும் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவார். கொழுக்க வைக்கும் பண்ணைக்காரர்கள் அவற்றை ஏலத்தில் எடுத்து, மாதக்கணக்கில் தீவனம் போட்டு, எடை ஏற்றி விற்பார்கள். கன்றின் விலை ஒரு நிலையில் நிற்காது. மக்காச்சோளம் ஏறினால் கன்று இறங்கும், ஏனென்றால் தீவனச் செலவு பண்ணைக்காரர் தலையில் விழுகிறது. மழை பொய்த்துப் புல் காய்ந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடிவருவதால் இன்னும் இறங்கும். பெரிய கன்றைவிடச் சின்னக் கன்றுக்குக் கிலோ விலை கூடுதல், இனிமேல் எடை ஏற அதில்தான் இடமிருக்கிறது என்பதால். சந்தைக்கு வருகிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. சல்லடைக்கு மட்டும் இது எதுவும் செரிக்கவில்லை.

"சோளம் விலை ஏறினா என் கன்னு என்னய்யா பண்ணும்? அது சோளத்தைக் கண்ணாலயாவது பார்த்திருக்கா?" என்று ஏலக்காரரிடமே கேட்டிருக்கிறார்.

ஏமாறாமல் இருப்பதற்கென்று அவர் சொந்தமாகச் சில வழிகள் வைத்திருந்தார். எல்லாக் கன்றுகளையும் ஒன்றாகக் கொண்டுபோக மாட்டார். மொத்தமாகப் போனால் விற்றே தீரவேண்டியவன் என்று முகத்தில் எழுதி ஒட்டியது போல ஆகிவிடுமாம். அதனால் இன்றைக்கு நாலு, அடுத்த சந்தைக்கு மூன்று. அந்த நாலிலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பக்கத்தில் நின்றால்தான் பெரியது பெரியதாகத் தெரியும் என்று. வாங்குகிறவர்களுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒரே அளவுக் கன்றுகள் ஒரு லாரி நிறையக் கிடைத்தால் ஒரே தொட்டியில் ஒரே தீவனம் போடலாம். ஒரே நாளில் விற்கலாம். சல்லடையின் கன்றுகளோ கலியாண வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி, ஒன்றுக்கொன்று ஜோடி சேராது.

இப்படிப்பட்டவர் மகளை ஒரு மாட்டுக் கொள்முதல்காரனுக்குக் கொடுத்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கொடுத்தார். கன்றுக்குப் பல் பார்ப்பதுபோல் மாப்பிள்ளைக்கும் பார்க்காத குறையாக விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். பெரிய பண்ணை ஒன்றுக்குச் சந்தையில் ஏலம் எடுப்பது மாப்பிள்ளையின் வேலை. வேலையோடு சேர்த்து முதலாளி பண்ணைக்குள்ளேயே இரண்டு அறை வீடும் கொடுத்திருந்தார். மகளும் பேரனும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும் வீடு.

கலியாணமான புதிதில் மாப்பிள்ளை இவருடைய கன்றுகளுக்கு உள்ளதை உள்ளபடி விலை போட்டார். சல்லடை கொதித்துப்போனார். "பொண்ணையும் கொடுத்து, கன்னையும் கொள்ளை கொடுக்கணுமா?" என்று மகளிடம் சண்டை போட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை. பேரன் பிறந்ததைக்கூடப் பார்க்கப் போகவில்லை. அவர் பெண்டாட்டிதான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு எப்படியோ விலை கொஞ்சம் ஏறியது. இவரும் கொஞ்சம் இறங்கி வந்தார், பேரனைத் தூக்கினார். ஆனாலும் சந்தேகம் போய்விடவில்லை. கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறவன், முன்னே எவ்வளவு அமுக்கியிருப்பான்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாப்பிள்ளை ஒரு நாள் புதுக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். சல்லடைக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

"என் கன்னு ஒண்ணு அவர் கையில கட்டியிருக்கு, பார்த்தியா?" என்றார் பெண்டாட்டியிடம்.

"ஏங்க, அது அவரோட தங்கச்சி வாங்கிக் கொடுத்தது. உங்க மகதான் சொன்னா."

"அவ சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். பக்கத்து நிலத்துக்காரர் நல்ல மனிதர், அதனாலேயே சல்லடை அவரையும் பாதிதான் நம்புவார். அவரிடம் போய், "என் கன்னுல ஆறை உங்க கன்னோட சேர்த்து உங்க பேர்ல கொண்டுபோங்க. என்ன விலை வருதுன்னு பார்ப்போம்" என்றார்.

"எதுக்கண்ணே?"

"சும்மாதான்."

பக்கத்து நிலத்துக்காரர் வந்து, மந்தையில் தன் கன்றுகளுக்கு ஒத்த அளவில் இருந்த ஆறைப் பொறுக்கிக்கொண்டார். பெரியதையும் சிறியதையும் விட்டுவிட்டார். இதில் என்ன உள்குத்து என்று சல்லடை யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

சந்தை நாளன்று அவர் ஏலக் கொட்டகையின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் சோளம் மளமளவென்று இறங்கியிருந்தது. கொட்டில்களைக் கன்றுகளால் நிரப்பிவிட வேண்டும் என்று பண்ணை முதலாளியே நேரில் வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நிலத்துக்காரரின் கன்றுகள் உள்ளே வந்தன. ஒரே உயரம், ஒரே வயிறு, சரியாக ஒரு லாரி லோடு. ஏலக்காரர் வாயைத் திறக்கும் முன்பே நாலு கைகள் உயர்ந்தன. கடைசியில் மாப்பிள்ளை எடுத்தார். கிலோ நூற்றுத் தொண்ணூறு.

சல்லடை துள்ளி எழுந்தார்.

"மாப்பிள்ளே! நல்லா இருக்கு உங்க நியாயம்! அதுல ஆறு என் கன்னு! போன மாசம் என் பேர்ல வந்தப்ப நூத்தியெழுபது, இன்னிக்கு அடுத்தவர் பேர்ல வந்தா நூத்தித் தொண்ணூறா?"

கொட்டகையில் எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்து நிலத்துக்காரர் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, உக்காருங்கண்ணே. போன மாசம் சோளம் என்ன விலை, இன்னிக்கு என்ன விலை? அதோட இது லோடு கன்னுண்ணே..."

"நீங்க சும்மா இருங்க. மாமனாரையே ஏமாத்துற ஆளை ஊரு பார்க்கட்டும்."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "மாமா, வெளியில போய்ப் பேசிக்கலாம் மாமா" என்றார். குரல் கெஞ்சியது. அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் சல்லடைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மடியில் கனமிருக்கிறது, அதுதான் இந்தப் பயம் என்று நினைத்தார்.

பண்ணை முதலாளி மெதுவாகத் திரும்பினார். "போன மாசம் எந்தக் கன்னுக்குப் பெரியவரே நூத்தியெழுபது?"

"நாலு கன்னு. ஒண்ணு முந்நூறு கிலோ, ரெண்டு இருநூறு, ஒண்ணு லேசா இருமிக்கிட்டு இருந்தது. எல்லாத்துக்கும் நூத்தியெழுபதுதான் போட்டாரு!"

இருமின கன்றைக்கூட மறைக்காமல் சொன்னார், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தைரியத்தில்.

"போன மாசம் இதே மாதிரி ஒரே அளவு லோடுக்கே நூத்தியெழுபதுதான் போச்சு" என்றார் முதலாளி. "உங்க நாலுக்கு நூத்தியம்பதே அதிகம்." பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். நூற்றுக்கணக்கில் வாங்கும் கன்றுகளில் இந்த நாலும் மூன்றும் அவர் கண்ணில் படாமலே கரைந்துபோயிருந்தன. "எத்தனை நாளா இப்படி ஏத்திப் போடறது தம்பி?"

"ரெண்டு வருஷமா முதலாளி. மத்த இடத்துல கறாரா எடுத்து ஈடு கட்டிட்டேன்."

"ஈடு கட்டினதும் என் காசுதானே தம்பி."

சல்லடைக்கு ஒரு கணம், இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்களோ என்று தோன்றியது. ஆனால் மாப்பிள்ளையின் முகம் செத்துப்போயிருந்தது. அப்படி யாராலும் நடிக்க முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கத்தியதில் கெட்டது அடுத்தவர் பிழைப்பு. சல்லடை அப்படியே உட்கார்ந்தார், அடுத்தடுத்து வந்த கன்றுகள் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

முதலாளி மோசமானவர் இல்லை. மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திக் கணக்குத் தீர்த்தாலும், மாத முடிவு வரைக்கும் வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னார். மகள்தான் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று, கன்று ஏற்றும் சின்ன வண்டியில் கட்டிலையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்கே வந்து இறங்கினாள். வேறு போக்கிடம் இல்லை.

சல்லடை வாசலில் நின்றார். 

"நான்தான்பா ஏத்திப் போடச் சொன்னேன்" என்றாள் மகள், பேரனை இறக்கிவிட்டுக்கொண்டே. "நீங்க என் பிள்ளையைப் பார்க்க வரணும்னு சொன்னேன். அவருக்கு இஷ்டமே இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்றது? உங்க கன்னு அந்த விலைக்குப் பெறாது, இவர் வேலையைப் பணயம் வச்சுக் கொடுக்கிறாருன்னா? நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்ததால் வண்டியருகே போனார். மாப்பிள்ளை ஒரு மரப்பெட்டியை ஒற்றை ஆளாக இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரைப் பார்த்ததும் நிறுத்தினார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"மாமா, மிச்சமிருக்கிற கன்னுங்களை இனிமே அளவு பார்த்துப் பிரிச்சு, பக்கத்து நிலத்துக்காரரோட சேர்த்துக் கொண்டுபோங்க. நல்ல விலை வரும். சோளம் மறுபடி ஏறுறதுக்குள்ள வித்துடுங்க."

இப்படிச் சொல்வதில் இவருக்கு என்ன லாபம் என்று சல்லடையின் மனசுக்குள் கேள்வி எழுந்தது. அந்த நிமிஷத்தில்கூட எழுந்தது. அதை அடக்கப் பார்த்தார், அது அடங்கவில்லை. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல், குனிந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.